ஏழைக்கு எட்டும் குத்தூசி வைத்தியம்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



என் அம்மம்மாவுக்கு நெடுநாளாக முழங்கால் நோவு. குத்தூசி வைத்தியர் ஒருவரிடம் நான்கு முறை சென்றார். நோவு சற்றுத் தணிந்தது, அதற்குள் காசு தீர்ந்தது, வைத்தியமும் நின்றது. இவ்வைத்தியம் ஒருநாளில் முடிவதன்று, பலமுறை செல்லவேண்டும். ஆகவே, கட்டணம் எட்டாவிடின் குணமும் எட்டாது.

இலவசமாகவே இதனை வழங்கியவர் வைத்திய கலாநிதி அன்ரன் ஜயசூரியா. மேலைத்தேய வைத்தியம் பயின்று வாதநோய் நிபுணராயிருந்த அவர், 1974இல் சீனா சென்று இக்கலையைக் கற்றார். பின்னர் களுபோவில அரசினர் வைத்தியசாலையில் நோயாளரிடம் காசு வாங்காது ஊசி குத்தினார். பிறநாட்டாரும் அங்கு வந்து பயின்றனர். 2005இல் அவர் காலமானார்.

அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் 2002இல் வேறொரு வழி பிறந்தது. தனியறைகளில்லை, நோயாளர் ஒரே மண்டபத்திற் சாய்வுநாற்காலிகளில் அமர்ந்து, தத்தம் வசதிக்கேற்பக் கட்டணம் செலுத்தினர்.

ஊசி சகல நோயையும் தீர்க்குமென்று நான் கூறவில்லை. டாக்டர் தந்த மருந்தை நிறுத்தவும் சொல்லவில்லை. நோவு தணிய ஓரளவு உதவும், அவ்வளவே.

அன்னதானப் பந்தியில் அருகருகே அமரும் நாம், நோய் தீர அவ்வாறு அமரலாகாதா? நமது மண்டபம் பெரும்பாலும் பூட்டியே கிடக்கிறது. வாரத்தில் ஒருநாள் அதனைத் திறந்து, தகுதிபெற்ற வைத்தியர் ஒருவரை அழைப்போம். முதல் நாற்காலியில் என் அம்மம்மா அமர்வார்.