பெயர் நாடாப் பொறியாளர்



போலந்து நாட்டு வார்சா நகரில் யூதக் குடியிற் பிறந்தவர் மாரிஸ் பிரிட்மன். மின்பொறியியல் வல்லுநராகிய அவர், 1930-களில் மைசூர் அரசின் மின்பொருள் தொழிற்சாலையை நடத்தப் பெங்களூர் போந்தார். வந்தது தொழில் கருதி. தங்கியது அருள் கருதி. திருவண்ணாமலையில் இரமண மகரிஷிகளின் திருமுன் அமர்ந்து, பொறியின் பழுதை ஆராய்வார் போல, ‘நான்’ என்பதனை வினவி வினவி ஆராய்ந்தார். பின்னர்த் துவராடை புனைந்து பாரதானந்தர் என்னும் பெயர் பூண்டார். காந்தியடிகளின் நூற்பு இயக்கத்திற்குத் ‘தனுஷ் தக்ளி’ என்னும் எளிய கருவியை ஆக்கி அளித்தார்.

அவர்தம் வினாக்கள் பலவும் மகரிஷிகளின் விடைகளும் 1939-ஆம் ஆண்டில் ‘மகர்ஷீஸ் காஸ்பெல்’ என்னும் ஆங்கில நூலாயின. தொகுத்தவர் பெயர் அந்நூலில் இடம்பெறவில்லை. நிசர்கதத்த மகராஜின் மராத்தி உரையாடல்களை ஆங்கிலமாக்கி, 1973-இல் ‘ஐ ஆம் தட்’ என வழங்கினார். 1976-இல் இறைவனடி சேர்ந்தார். ஆசான் பீடம் ஏறாது, ஞானியர் மொழியைப் பிறர்க்கு ஏந்தி நின்றமையே அவர் செய்த உபதேசம்.

திருப்பணிக்கு ஈந்தோர் பெயரைக் கல்லிற் பொறித்தல் நம் மரபு; பின்வருவோர்க்கு அது தூண்டுகோலாம். ஆயினும், ‘யான் ஈந்தேன்’ என்னும் எண்ணத்தையும் பொருளோடு சேர்த்து இறைவன் திருவடியில் வைத்துவிடுவோமாயின், அதுவே நிறைந்த திருப்பணியாகும்.

திருச்சிற்றம்பலம்.