பள்ளிப் பிள்ளைகளின் தேகசுகமும் நம் கடமையும்

(கலவையில் கூடிய சங்க மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

நம் சங்கத்தார் பிள்ளைகளின் படிப்பிற்கெனப் பொருளுதவி செய்து வருகின்றோம். அவ்வுதவி பெறும் பிள்ளையின் கண்ணுக்குக் கரும்பலகையில் எழுதியது தெரிகின்றதா என்று நாம் ஒருநாளேனும் வினவியதுண்டா? இல்லை. அக்குறையைப் பற்றியே இன்று பேச எழுந்தோம்.

பள்ளிப் பிள்ளைகளை வைத்தியர் சோதிக்கும் முறை நம் தேசத்தில் 1909-ஆம் ஆண்டு பரோடா நகரில் தொடங்கிற்று. ஆயினும், 1946-இல் வெளிவந்த போர் கமிட்டியின் அறிக்கை, அத்தகைய பணி நாட்டில் ஏறக்குறைய இல்லையென்றே கூறிற்று. இன்றோ நிலைமை வேறு. 2013-இல் ஏற்பட்ட ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்திய காரியக்ரமத்தின்படி, பிறவிக் குறைகள், நோய்கள், சத்துக் குறைவுகள், வளர்ச்சித் தாமதங்கள் ஆகிய நால்வகையையும் கண்டறிய, வைத்தியர், செவிலியர், மருந்தாளர் அடங்கிய குழுவினர் அங்கன்வாடிக்கு ஆண்டிற்கு இருமுறையும், அரசினர் பள்ளிகளுக்கு ஒருமுறையும் வருதல் வேண்டும். ஆகவே திட்டம் இல்லையென்று நாம் குறைகூற இடமில்லை. அது செவ்வையாய் நடைபெறுகின்றதா என்பதே கேள்வி.

இதனை அளப்பது எங்ஙனம்? வைத்தியப் பணியின் தரத்தை மூன்று படிகளில் ஆராய வேண்டுமென 1966-இல் டொனபேடியன் என்னும் அறிஞர் எழுதினார். ஆளும் கருவியும் உளவா என்பது முதற்படி. செய்ய வேண்டியதை முறைப்படி செய்தனரா என்பது இரண்டாம்படி. அதனால் நோயாளி நலம் பெற்றனரா என்பது மூன்றாம்படி. நம்மவரோ பெரும்பாலும் முதற்படியிலேயே நின்றுவிடுகின்றனர். "இத்தனை பிள்ளைகள் சோதிக்கப்பட்டனர்" என்னும் கணக்கு, நிலத்தில் விதைத்த கணக்கேயன்றிக் களத்தில் அளந்த கணக்கன்று.

நாம் நேரிற் கண்ட ஒன்றைக் கூறுவோம். ஒரு பள்ளியில் ஒரு சிறுமிக்குப் பார்வைக் குறைவென்று கண்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தனர். தந்தை தோல் பதனிடும் சாலையில் தினக்கூலி. தாய் காலணித் தொழிற்சாலையில் வேலை. ஒருநாள் நின்றால் ஒருநாட் கூலி போம். சீட்டு அரிசிப் பானையின் கீழ்க் கிடந்தது. மறு ஆண்டும் சோதனை நடந்தது. அதே குறை, அதே சீட்டு. கணக்கிலோ அவள் இருமுறை சோதிக்கப்பட்டவள்! கண்ணாடி மட்டும் வந்தபாடில்லை. இதில் வைத்தியரைப் பழிப்பது தகாது. அவர்க்குப் பார்க்கவேண்டிய பள்ளிகள் பல. சீட்டிற்கும் சிகிச்சைக்கும் இடையேயுள்ள வழியில் அச்சிறுமிக்குத் துணைவர் எவருமிலர். அத்துணையாய் இராதது நம் குற்றமே.

வேலூரில் 1900-இல் ஒரே படுக்கையுடன் வைத்தியசாலை தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார், வரமாட்டாத நோயாளரைத் தேடிச் சாலையோரங்களிலேயே மருந்தளித்தார். நம் பக்கத்தார் அறிந்த இப்பாடத்தை நாமே மறக்கலாமோ?

ஆதலின், நம் சங்கத்தார் பருவந்தோறும் தலைமை ஆசிரியரிடம் அனுமதி பெற்று ஐந்து கேள்விகள் கேட்டறிதல் வேண்டும். குழுவினர் இவ்வாண்டு வந்தனரா? வராத பிள்ளைகளுக்கு மறுநாள் குறிக்கப்பட்டதா? சீட்டுப் பெற்றோருள் எத்துணைப் பேர் ஆஸ்பத்திரிக்குச் சென்றனர்? சென்றவருள் எத்துணைப் பேர் குணமடைந்தனர், அல்லது கண்ணாடி பெற்றனர்? வாரந்தோறும் அளிக்கும் இரும்புச்சத்து மாத்திரையைப் பிள்ளைகள் உணவுக்குப்பின் மெய்யாகவே உட்கொள்கின்றனரா? பிள்ளைகளின் பெயரையோ நோயையோ வெளியில் பேசலாகாது, எண்ணிக்கை போதும். பெற்றோர் விரும்பினால் மட்டும் நம் உறுப்பினர் இருவர் பிள்ளையை உடனழைத்துச் செல்க. அன்றைய கூலி இழப்பிற்கும் வண்டிச் செலவிற்கும் சங்க நிதி உதவுக.

இவ்வுதவி நம் குலத்துப் பிள்ளைகளுக்கு மட்டுமோ எனச் சிலர் கேட்கக்கூடும். ஒரே பலகையில் அமர்ந்த பிள்ளைகளுள் ஒருவன் கண்ணைத் திறந்து மற்றவன் கண்ணை மூடிவைப்பது சங்கத்திற்கு அழகன்று. எல்லாப் பிள்ளைகளுக்கும் செய்வோமாயின், நம் குலத்திற்கும் அதுவே பெருமையாம்.

ஆண்டுவிழாப் பந்தலுக்கென ஒதுக்கிய தொகையில் ஒரு பங்கை இதற்கு மாற்றும்படி தீர்மானம் கொணர்கின்றோம். அன்பர்கள் ஆலோசித்து ஆதரிப்பீர்களாக.