புது ஆளுக்கு அரைப்பேரா?

(தோட்ட மாதர் சங்கக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஒருவர் ஆற்றிய உரை)



லயத்துக்குப் பின்னால் மரக்கறி போடுகிற நம்மில் பலர், கைக்கு ஆள் போதாமல் பள்ளிக்கூடம் முடித்த பிள்ளைகளைக் கூலிக்குக் கூப்பிடுகிறோம். நல்ல விஷயந்தான். ஆனால் போன மாதம் என்ன நடந்தது? கரட் பாத்தியில் புல்லுப் பிடுங்க விட்ட பையன், புல்லோடு கரட் நாற்றையும் பிடுங்கிப் போட்டான். பாத்திக்காரர் பாதிக் காசுதான் கொடுத்தார். பையன் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை.

பிழை யார் மேல்? முளைத்து வரும் கரட், பழகாத கண்ணுக்குப் புல்லு மாதிரித்தான் தெரியும். அதை யாரும் அவனுக்குக் காட்டிக் கொடுக்கவில்லை. கொழுந்து நிறை குறைந்து அரைப்பேர் விழும்போது நமக்கு வயிறு எப்படி எரிகிறது! அதையே நாம் ஒரு பிள்ளைக்குச் செய்யலாமா?

ஆகவே, கூலியை முன்னமே பேசுங்க. முதல் பாத்தியில் பக்கத்தில் குந்தி, எது பயிர், எது களை என்று காட்டுங்க. அதைப் பார்த்த பிறகே அடுத்த பாத்தியைக் கொடுங்க. மருந்துத் தாங்கியைப் புது ஆளின் முதுகில் ஏற்றவே வேண்டாம். வேலைக்கு வைக்கும் ஆகக்குறைந்த வயது 2021இல் 14இலிருந்து 16 ஆனது. ஆபத்தான வேலைக்கு 18. இதையும் மறக்காதீங்க.

நாம் முதன்முதலாகக் கூடை மாட்டிய நாளில், யாரோ ஒரு அக்கா பக்கத்தில் நின்று கொழுந்தெடுக்கக் காட்டித் தந்தார். அந்தக் கடனை இந்தப் பிள்ளைகளிடம் தீர்ப்போம்.