களப்பில் விளையும் கனிமம்

புத்தளத்து உப்பளங்களில் குவித்து வைத்திருக்கும் வெள்ளை மேடுகள் கனிமவியலாருக்கு ஹேலைட். மற்றவர்களுக்கு உப்பு. கனிமம் என்றதும் ஆழச் சுரங்கமும் கோடி ஆண்டுகளும் நினைவுக்கு வரும். இது சில வாரங்களில், அங்கே வேலை செய்பவர் கண்முன்னாலேயே விளைந்துவிடுகிறது.

விளையும் ஒழுங்கைக் கவனிக்க வேண்டும். ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. பாத்தியில் அந்த நீர் வற்ற வற்ற, முதலில் சுண்ணாம்பு அடியில் படியும். நீர் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறுகும்போது ஜிப்சம் இறங்கும். பத்தில் ஒரு பங்காகும்போதுதான் கறிக்குப் போடும் உப்பு பளிங்காகத் தொடங்கும். கடைசியாக மிஞ்சுவது மக்னீசியம் செறிந்த கசப்பு நீர். அதை வடித்துவிடாவிட்டால் உப்பு கசக்கும், சீக்கிரம் கசியும்.

கொழும்பிலும் இதே கடல்தானே? அங்கே ஆண்டுக்கு 2,400 மில்லிமீற்றர் அளவில் மழை கொட்டுகிறது. புத்தளத்தில் பெய்வது ஏறக்குறைய அதில் பாதி. போதாததற்கு, புத்தளம் களப்பின் வாய் வடக்கே இருக்கிறது. வறண்ட மாதங்களில் அதன் தென்கோடி நீர் கடலைவிடவும் உவர்க்கும். இரத்தினக்கல் கிடைத்த கண்டி இராச்சியத்துக்கு உப்பு கடற்கரையிலிருந்துதான் போக வேண்டியிருந்தது. புத்தளத் துறையிலிருந்து உப்பும் மீனும் போனதை, கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்த ரொபட் நொக்ஸ் 1681இல் வெளியான தமது நூலில் குறித்திருக்கிறார்.

வடக்கே அருவக்காலுவில் கதை வேறு. மயோசீன் காலத்தில், ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன், ஆழம் குறைந்த கடல் அங்கே நிலத்தை மூடியிருந்தது. சிப்பிகளும் நுண்ணுயிர்களின் ஓடுகளும் படிந்து இறுகிச் சுண்ணக்கல் ஆயின. புத்தளக் கரையிலிருந்து யாழ்ப்பாணம் வரை நீளும் பட்டை அது. அந்தக் கல்தான் ரயிலில் பாலாவிக்குப் போய்ச் சீமெந்தாகிறது. தோண்டிய குழிகளுக்குக் கொழும்புக் குப்பையை அனுப்பத் திட்டமிட்டபோது, 2018இல் புத்தளத்து மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். கல்லை எடுத்துக்கொண்டு குப்பையைத் தருவதா என்ற கோபம் நியாயமானதே.

தெற்கே நாத்தாண்டியா, மாரவில பக்கம் கண்ணாடி செய்ய உதவும் சிலிக்கா மணல். உள்நாட்டுப் பாறைகள் சிதையும்போது மற்றவை களியாக மாற, கடினமான குவார்ட்ஸ் மட்டும் மணலாகக் கரைக்கு வந்து சேர்ந்தது. நிலத்துக்குள் ஊறிய அமில நீர், அதிலிருந்த இரும்பையும் கழுவி வெளுத்துவிட்டது.

ஒரே மாவட்டத்தில் மூன்று கனிமங்கள். மூன்றுக்கும் மூன்று வழிகள். ஆனால் பொகலச் சுரங்கத்தின் காரீயமோ (கிராபைட்) இரத்தினபுரியின் நீலக்கல்லோ இந்தக் கரையின் சுண்ணக்கல்லில் உருவாகாது. அவற்றுக்குப் பூமிக்குள் பல கிலோமீற்றர் ஆழத்துச் சூடும் அழுத்தமும் வேண்டும். தீவின் பத்தில் ஒன்பது பங்கு அப்படி வெந்து உருமாறிய பழம்பாறைதான்.

மூலப்பொருள் எங்கும் உண்டு. அது செறிந்து ஒரே இடத்தில் சேர்வதுதான் அரிது. கடல்நீரில் லித்தியமும் இருக்கிறது, லீற்றருக்கு 0.2 மில்லிகிராம்கூட வராது. சிலியின் அட்டகாமா பாலைவனத்திலோ, எரிமலைப் பாறைகளைக் கழுவி வந்த நீர் வெளியேற வழியின்றிப் பள்ளத்தில் தேங்கி, காலங்காலமாக வற்றிக்கொண்டே இருக்கிறது. அங்கே நிலத்தடி உவர்நீரில் லித்தியம் லீற்றருக்கு 1,000 மில்லிகிராமைத் தாண்டும். அந்த நீரை இறைத்து, புத்தளத்தில் செய்வதுபோலவே பாத்தி கட்டிக் காயவைத்து, மின்கலங்களுக்கான லித்தியத்தை எடுக்கிறார்கள்.