ஈசலுக்கு நாலு இறக்கை

(சென்ற உறுப்பினர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பராமரிப்புக் கட்டணத்தை எடுத்தால் கூட்டம் சூடாகிவிடும், அதற்கு முன் பத்து நிமிடம் நீங்கள் பேசுங்கள் என்றார் செயலாளர். ஏ விங், பி விங் என்று நாம் குடியிருப்பதே இறக்கையில்தான். அதனால் இறக்கைகளைப் பற்றியே பேசுகிறேன்.

ஃபேனுக்கு ரெக்கை உண்டு என்று எல்லோருக்கும் தெரியும். முருங்கை விதைக்கும் உண்டு. நன்றாகக் காய்ந்த முருங்கைக்காயை உடைத்தால், ஒவ்வொரு விதையிலும் காகிதம் மாதிரி மூன்று மெல்லிய இறக்கைகள் ஒட்டியிருக்கும். வௌவாலின் இறக்கை உண்மையில் அதன் கை. நீண்ட விரல்களுக்கு நடுவே தோல் விரிந்திருக்கிறது, அவ்வளவுதான். குழந்தைகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், பாதி பயம் போய்விடும். மழைக்காலத்தில் மொட்டைமாடிக்கு மேல் கூட்டமாகச் சுற்றும் மஞ்சள் தும்பி விரல் நீளம்கூட இருக்காது. அந்த இனம்தான் இந்தியாவிலிருந்து கடல் தாண்டி மாலத்தீவில் போய் இறங்குகிறது.

இனி நம் வீட்டு விஷயம், ஈசல்.

ஈசல் தனிப் பூச்சி இல்லை. இறக்கை முளைத்த கறையான். புற்றிலேயே பல நாள் காத்திருந்து, நல்ல மழைக்குப் பின் கூட்டமாகக் கிளம்பும். பறப்பது கொஞ்ச நேரம்தான். தரையில் இறங்கியதும் நான்கு இறக்கைகளையும் தானே உதிர்த்துவிடும். உதிர்வதற்கென்றே இறக்கையின் அடியில் ஒரு கோடு இருக்கிறது, தபால்தலை ஓரத்துத் துளைகள் மாதிரி. பிறகு ஆணும் பெண்ணுமாக ஒன்றன் பின் ஒன்றாக நடந்து இடம் தேடும். பெரும்பாலானவை அதற்குள் பல்லிக்கும் காக்கைக்கும் இரையாகிவிடும். நம் கிராமங்களில் ஈசலை வறுத்துப் பொரியோடு தின்பார்கள். பாரியின் நாட்டைப் பாடிய கபிலரே புறநானூற்றில் ஈசலும் மோரும் சேர்ந்த புளிப்பு உணவைச் சொல்கிறார். முகம் சுளிக்காதீர்கள், இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம்!

ஈசல் கடிக்காது, கொட்டாது. ஆனால் போன வருடம் பி விங் வராந்தாவில் அதற்கு மருந்து அடித்தோம். நெடி இரண்டு நாள் போகவில்லை. மூச்சிரைப்பு உள்ள இரண்டு வீட்டுக்காரர்கள் கதவையே திறக்கவில்லை. செத்ததோ எப்படியும் சாகப்போகிற பூச்சிகள். மருந்துக்கான காசு பொதுக் கணக்கில் போனது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கவனிக்க வேண்டியது உதிர்ந்த இறக்கைகளை. திறந்த ஜன்னலோரம் கிடந்தால் வெளியிலிருந்து வந்தவை, பெருக்கித் தள்ளுங்கள். பூட்டியிருந்த அறையிலோ அலமாரிக்குள்ளோ குவியலாகக் கிடந்தால், கறையான் உள்ளேயே இருக்கலாம். உடனே அலுவலகத்தில் சொல்லுங்கள். மருந்துச் செலவு அங்கேதான் நியாயம். நான்கு இறக்கையும் ஒரே நீளமா என்றும் பாருங்கள். முன்னது நீளம், பின்னது குட்டை என்றால் அது இறக்கை முளைத்த எறும்பு. அதற்கு மரச்சாமான்களை நகர்த்த வேண்டாம்.

வெள்ளை விளக்குதான் ஈசலை அதிகம் இழுக்கிறது. ஆகவே என் கோரிக்கை இரண்டு. வராந்தாவில் பல்பு மாற்றும்போது மஞ்சள் ஒளி பல்பாக வாங்குங்கள். மழை விட்ட மாலைகளில் ஒரு மணி நேரம் வராந்தா விளக்கை அணைத்து வைப்போம். படிக்கட்டு விளக்கு மட்டும் எரியட்டும், பெரியவர்கள் ஏறி இறங்குகிறார்கள். இதைத் தீர்மானமாக எடுத்துக்கொள்ளுமாறு செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.