சாங்கோலாவின் சட்டசபை அங்கத்தினர்



சென்னையிலிருந்து மும்பைக்கு ரயிலில் பலமுறை சென்று வந்தவர்களுக்குச் சோலாப்பூர் என்னும் பெயர் புதிதன்று. குண்டக்கல், ராய்ச்சூர், வாடி என்று ஒவ்வொன்றாகக் கடந்து சோலாப்பூரையும் தாண்டினால் குர்டுவாடி என்றொரு சந்திப்பு வரும். அங்கிருந்து ஒரு கிளைப்பாதை பண்டரிபுரம் வழியாக மிரஜ் நகருக்குச் செல்கிறது. பாண்டுரங்கனைத் தரிசிக்கச் செல்லும் நம்மவர்கள் பெரும்பாலும் பண்டரிபுரத்தோடு திரும்பிவிடுவார்கள். அப்பாதையில் மேலும் சுமார் 30 கிலோமீட்டர் சென்றால் வருவது சாங்கோலா. சோலாப்பூர் ஜில்லாவைச் சேர்ந்த ஒரு தாலுகாவின் தலைநகரம் அது. கோயிலால் பெயர் பெற்ற ஊரன்று. மாதுளம் பழத்தாலும், ஒரே சட்டசபை அங்கத்தினரை 11 முறை தேர்ந்தெடுத்ததாலும் பெயர் பெற்ற ஊர்.

அந்த அங்கத்தினரின் பெயர் கணபதிராவ் தேஷ்முக். அவரைப் பற்றி இன்று பேச முற்பட்டதற்கு ஒரு காரணம் உண்டு. வெளி ராஜ்யங்களில் வாழும் நம்மிற் பலரைக் கேட்டால், பிறந்த ஊரின் சட்டசபை அங்கத்தினர் யார், அவருக்கு முன் இருந்தவர் யார், எத்தனை வாக்கு வித்தியாசத்தில் வென்றார் என்பதையெல்லாம் தயங்காமல் சொல்வார்கள். இருபது ஆண்டுகளாகக் குடியிருக்கும் தெரு எந்தத் தொகுதியைச் சேர்ந்தது என்று கேட்டால் விழிப்பார்கள். நாமும் அவ்வாறு விழித்தவர்களில் ஒருவரே. புனேயில் உத்தியோகம் பார்த்த காலத்தில், மத்திய சர்க்கார் அறிக்கைகளை மொழிபெயர்க்கும் பணிக்காகத் தேர்தல் முடிவுகளின் பட்டியல்களைப் புரட்டியபோதுதான் சாங்கோலாவின் கணக்கு கண்ணிற் பட்டது. அதன் பின்னரே ஒருநாள் அவ்வூருக்குச் சென்று வந்தோம்.

சஹ்யாத்ரி மலைத்தொடர் மேற்கிலிருந்து வரும் மழை மேகங்களைத் தடுத்துக் கொங்கணத்திலேயே பொழியச் செய்துவிடுகிறது. மலைக்குக் கிழக்கே உள்ள தாலுகாக்களுக்கு எஞ்சியது கிடைத்தால் உண்டு. சாங்கோலா வழியே மாண் என்றொரு ஆறு ஓடிப் பீமாவிற் கலக்கிறது. ஓடுகிறது என்பது மரியாதைச் சொல். நாம் பார்த்த மாதத்தில் அது வெறும் மணற்பாதையாகவே கிடந்தது. சோளமும் கம்பும் விளையும் பூமி. ஆடு மேய்ப்போர் மிகுதி. பிற்காலத்தில் சொட்டுநீர்ப் பாசனத்தின் துணையால் மாதுளை பரவியது. 2020 டிசம்பரில் நாட்டின் நூறாவது விவசாயிகள் ரயில் புறப்பட்ட இடம் இச்சாங்கோலாதான். அது சென்றடைந்த இடம் வங்காளத்து ஷாலிமார்.

1926-ஆம் ஆண்டிற் பிறந்த தேஷ்முக் சட்டம் பயின்று வழக்கறிஞரானவர். அவர் சேர்ந்த கட்சியை மராத்தியில் ஷேத்கரி காம்கார் பக்ஷம் என்பர். நம் மொழியில் விவசாயி தொழிலாளர் கட்சி எனலாம். 1940-களின் இறுதியிற் காங்கிரசிலிருந்து பிரிந்தவர்கள் தொடங்கிய கட்சி அது. ஒரு காலத்தில் மகாராஷ்டிரத்தின் முக்கிய எதிர்க்கட்சிகளுள் ஒன்றாக விளங்கிப் பின்னர் சில தாலுகாக்களுக்குள் ஒடுங்கிப் போயிற்று. தலைவர்கள் பலர் ஆளுங்கட்சிக்குத் திரும்பினர். இவர் திரும்பவில்லை. இறுதிவரை அதே கட்சி, அதே தொகுதி.

1960 மே 1-ஆம் தேதி மகாராஷ்டிர ராஜ்யம் உதயமாயிற்று. அதற்குப்பின் வந்த முதல் பொதுத்தேர்தல் 1962-இல் நடைபெற்றது. தேஷ்முக் சாங்கோலாவிலிருந்து முதன்முறையாகச் சட்டசபைக்குச் சென்றது அப்பொழுதுதான். 1967-இல் மறுபடியும் வென்றார். 1974 இடைத்தேர்தல், 1978, 1980, 1985, 1990, பின்னர் 1999, 2004, 2009, 2014 என மொத்தம் 11 வெற்றிகள். கடைசி வெற்றியின்போது அவருக்கு வயது 88. வித்தியாசம் சுமார் 25,000 வாக்குகள்.

இவ்விடத்தில் ஒரு சிறு திருத்தம் சொல்ல வேண்டியிருக்கிறது. இவர் தமிழகத்தின் கலைஞர் கருணாநிதியின் சாதனையைச் சமன் செய்தார், மிஞ்சினார் என்றெல்லாம் பத்திரிகைகளில் எழுதப்பட்டதுண்டு. கணக்கு அவ்வாறன்று. கருணாநிதி 1957-இல் குளித்தலையில் தொடங்கி 2016-இல் திருவாரூர் வரை 13 முறை வென்றவர். போட்டியிட்ட எந்தச் சட்டசபைத் தேர்தலிலும் தோற்காதவர். ஆனால் தஞ்சாவூர், சைதாப்பேட்டை, அண்ணா நகர், துறைமுகம், சேப்பாக்கம் என்று தொகுதிகள் மாறி மாறி நின்றவர். கேரளத்துப் பாலாவில் கே. எம். மாணி ஒரே தொகுதியில் 13 முறை தேர்ந்தெடுக்கப்பட்டார் என்பர். அவற்றுள் 1965-ஆம் ஆண்டு வெற்றிக்கு அமர்வதற்குச் சபையே கூடவில்லை. எண்ணிக்கையில் யார் முந்தியவர் என்னும் வழக்கை நாம் இங்கே தீர்க்கப் போவதில்லை. நம்மைக் கவர்ந்தவை தேஷ்முக்கின் வெற்றிகளைவிட அவற்றின் இடையே வந்த இரு தோல்விகளே.

முதல் தோல்வி 1972-இல் வந்தது. அவ்வாண்டின் தொடக்கத்திலேயே தேர்தல் முடிந்துவிட்டது. பின்னர் மழை அறவே பொய்த்தது. மகாராஷ்டிரம் அந்நூற்றாண்டிற் கண்ட கொடிய பஞ்சங்களுள் ஒன்று அது. 1973 மே மாதத்தில் சுமார் 50 லட்சம் மக்கள் சர்க்காரின் நிவாரண வேலைகளில் கல் உடைத்தும் மண் சுமந்தும் கூலி பெற்றனர். வேலை கேட்போர்க்கு வேலை தருவது சர்க்காரின் கடமை என்னும் கொள்கை அந்தப் பஞ்சக் காலத்தில் உரம் பெற்று, 1977-இல் மகாராஷ்டிரச் சட்டமாகி, 2005-இல் நாடு முழுவதற்குமான சட்டத்துக்கு முன்மாதிரியாயிற்று. அந்தப் பஞ்சக் காலத்தில் சாங்கோலாவின் வழக்கறிஞர் அங்கத்தினராக இல்லை. சபையில் எழுந்து பேச அவருக்கு இடமில்லை. 1974 இடைத்தேர்தலில் மக்கள் அவரையே மறுபடியும் அனுப்பினர்.

இரண்டாவது தோல்வி 1995-இல். எதிர்த்து நின்று வென்றவர் அப்போது காங்கிரஸ் அபேட்சகரான ஷஹாஜிபாபு பாட்டீல். வித்தியாசம் 192 வாக்குகள்.

192 என்னும் எண்ணைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஒரு தொகுதியில் நூற்றுக்கணக்கான வாக்குச்சாவடிகள் உண்டு. சாவடிக்கு ஒருவர் வீதம் மனம் மாறியிருந்தாலும், ஒருவர் வீதம் வயலிலிருந்து நேரத்தோடு கிளம்பியிருந்தாலும் முடிவு வேறாகியிருக்கும். அன்று அவருக்கு வயது எழுபதை நெருங்கிக் கொண்டிருந்தது. அரசியலில் ஓய்வு பெறுவதற்குக் கௌரவமான வயது. அவரோ நான்கு ஆண்டுகள் தாலுகாவைச் சுற்றிக் கொண்டிருந்துவிட்டு, 1999-இல் தாம் தோற்ற இடத்திலேயே நின்று வென்றார். அதன்பின் வந்த மூன்று தேர்தல்களிலும் தோல்வியில்லை.

மகாராஷ்டிர சர்க்காரின் சிவப்பு நிறப் பேருந்தில் ஏறியவர்கள் கவனித்திருக்கலாம். சட்டசபை அங்கத்தினருக்கென்று ஓர் இருக்கை ஒதுக்கி, அதன் மேலே மராத்தியில் எழுதி வைத்திருப்பார்கள். அந்த இருக்கையில் சந்தைக்குப் போகும் கிழவியையோ கல்லூரி மாணவனையோ காணலாமேயன்றி ஓர் அங்கத்தினரைக் காண்பது அரிது. தேஷ்முக் அந்தப் பேருந்திலேயே பயணம் செய்து வந்தவர் என்பதை மராத்தியப் பத்திரிகைகள் திரும்பத் திரும்ப எழுதின. அவருடைய தேர்தற் செலவுக்குக் கிராமத்தார் தாமே பணம் திரட்டித் தந்தனர் என்றும் சொல்வர். சாங்கோலா பஸ் நிலையத்துத் தேநீர்க் கடையில் ஒரு முதியவரிடம் இதைப்பற்றி விசாரித்தோம். அவர் சிரித்துவிட்டு, பஸ்ஸில் போனதற்காகவா அவருக்கு வாக்களித்தோம், பஸ்ஸில் போனதால் வழியில் எங்கு வேண்டுமானாலும் அவரைப் பிடித்து மனுக் கொடுக்க முடிந்தது, அதற்காக வாக்களித்தோம் என்றார். எளிமையைப் புகழ்ந்து பத்திரிகைகள் எழுதிய கட்டுரைகள் பலவற்றிலும் இந்த விளக்கம் நமக்குக் கிடைக்கவில்லை.

அவர் மந்திரியாக இருந்தது இருமுறை. 1978-இல் சரத் பவார் அமைத்த கூட்டணி மந்திரிசபையிலும், 1999-இல் விலாஸ்ராவ் தேஷ்முக் மந்திரிசபையிலும். எஞ்சிய காலமெல்லாம் எதிர்வரிசைதான். எதிர்வரிசையில் சுமார் அரை நூற்றாண்டு உட்கார்ந்தவரால் ஒரு வறண்ட தாலுகாவுக்கு என்ன கிடைத்தது என்பது நியாயமான கேள்வி. விவசாயிகளின் கூட்டுறவு நூற்பாலை ஒன்று அவர் முயற்சியால் எழுந்தது. தண்ணீரோ அவ்வளவு எளிதில் வரவில்லை. சதாரா ஜில்லாவில் கராட் நகரை அடுத்த டெம்பு என்னுமிடத்தில் கிருஷ்ணா நதியின் நீரைப் பம்புகளால் படிப்படியாக மேலேற்றி, சதாரா, சாங்க்லி, சோலாப்பூர் ஜில்லாக்களின் வறண்ட பகுதிகளுக்குக் கொண்டுவரும் திட்டம் 1990-களில் உருவெடுத்தது. சுதந்திரப் போராட்ட வீரர் நாகநாத் அண்ணா நாயக்வாடியோடு சேர்ந்து, ஆட்பாடியில் ஆண்டுதோறும் தண்ணீர் மாநாடு கூட்டி, அந்த நீருக்காக வாதாடியவர்களுள் தேஷ்முக்கும் ஒருவர். நீர் வாய்க்காலில் வந்து சேரப் பல ஆண்டுகள் சென்றன. 2019 வறட்சியிலும் சாங்கோலாவில் கால்நடை முகாம்கள் திறக்க வேண்டியிருந்தது. ஆளுங்கட்சியில் சேர்ந்திருந்தால் தண்ணீர் விரைவில் வந்திருக்கும் என்று சொல்வோர் அவ்வூரிலேயே உண்டு. அவர்கள் சொல்வதை முற்றிலும் தள்ளிவிட நம்மால் இயலவில்லை. ஆனால் ஆளுங்கட்சி அங்கத்தினர்களைத் தொடர்ந்து அனுப்பிய பக்கத்துத் தாலுகாக்களும் அதே நீருக்காக அதே அளவு காத்திருந்தன என்பதும் உண்மை.

2019-இல் முதுமை காரணமாக அவர் நிற்கவில்லை. பேரர் அனிகேத் தேஷ்முக் நின்றார். எதிர்த்தவர் அதே ஷஹாஜிபாபு பாட்டீல். இம்முறை சிவசேனை அபேட்சகர். முடிவு பேரருக்கு எதிராக 768 வாக்குகள் வித்தியாசத்தில் அமைந்தது. 1995-இல் 192, 2019-இல் 768. இரண்டையும் கூட்டினாலும் ஆயிரம் வராது.

அதே 2019 தேர்தலன்று நாம் புனேயில் வீட்டிலே விடுமுறையைக் கழித்தோம் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். நம் பெயர் தஞ்சை ஜில்லாவில் பிறந்த கிராமத்துப் பட்டியலில் இருந்தது. அங்கே போய் வாக்களித்துப் பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அக்கிராமத்தை விட்டு மனமில்லாமலே பெயரை அங்கே வைத்திருந்தோம். 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் இதில் ஐயத்துக்கு இடமின்றிப் பேசுகிறது. ஒருவர் பெயர் ஒரு தொகுதியில் மட்டுமே இருக்கலாம். அது அவர் வழக்கமாகக் குடியிருக்கும் இடமாக இருக்க வேண்டும். வீடு அங்கே இருப்பதோ, நிலம் இருப்பதோ, குலதெய்வம் இருப்பதோ போதாது. இந்தச் சட்டப் பிரிவுகளைத் தமிழில் மொழிபெயர்த்துக் கொடுத்தவர்களில் ஒருவராக இருந்தும் நாம் இருபது ஆண்டுகள் சும்மா இருந்தோம். முகவரி மாற்றத்துக்கான படிவம் எட்டை நிரப்பிக் கொடுத்தது சாங்கோலாவுக்குச் சென்று திரும்பிய பிறகே. அதற்கு ஆன நேரம் கால் மணி.

தேஷ்முக் 2021 ஜூலை 30-ஆம் தேதி சோலாப்பூரிற் காலமானார். மறு ஆண்டு ஜூன் மாதத்தில் மகாராஷ்டிரத்தில் மந்திரிசபை கவிழ்ந்த நாட்களில், குவாஹாத்தியில் ஒரு ஓட்டலில் தங்கியிருந்த ஷஹாஜிபாபு பாட்டீல், அவ்விடத்து மரங்களையும் மலைகளையும் ஓட்டலையும் வியந்து தொலைபேசியிற் பேசிய பேச்சு மராத்தி நாடெங்கும் பரவிற்று. சிறுவர்கள்கூட அதைச் சொல்லிக் காட்டிச் சிரித்தனர். பலர் அதில் பரிகாசத்தை மட்டும் கண்டனர். வறண்ட ஊரிலிருந்து சென்ற மனிதர் பசுமையைக் கண்டு மயங்கியதில் வியப்பில்லை என்றே நமக்குத் தோன்றிற்று.

2024 நவம்பர் தேர்தலில் அவர் மீண்டும் நின்றார். இம்முறை எதிரே நின்றவர் கணபதிராவின் இன்னொரு பேரர், மருத்துவரான பாபாசாகேப் தேஷ்முக். வென்றவர் பேரர்தான். ராஜ்யம் முழுவதிலும் விவசாயி தொழிலாளர் கட்சிக்கு அத்தேர்தலிற் கிடைத்த ஒரே இடம் சாங்கோலா.

அன்று காலை நாம் புனேயில் நம் தெருமுனைப் பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்றோம். நமக்கு முன்னே நின்றவர் கேட்டார், நீங்கள் மதராஸ் பக்கம் அல்லவா, இங்கே எப்படி என்று. பட்டியலில் நம் பெயர் இருந்த பக்கத்தை எடுத்துக் காட்டினோம். எழுத்துப் பிழையோடு இருந்தாலும் பெயர் அங்கே இருந்தது.