வண்டிக்குள் ஒரு கணக்கப்பிள்ளை

2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியைக் கொழும்பு நகரத்தார் எளிதில் மறவார். கொள்ளுப்பிட்டி முதல் வெள்ளவத்தை வரை, பெற்றோல் நிரப்பு நிலையம் உள்ள இடமெங்கும் வண்டிகள் வரிசையிற் காத்து நின்றன. அவ்வாண்டில் வந்த பங்கீட்டு முறையின் தொடக்கத்தில், கிழமையொன்றுக்குக் காருக்கு 20 லீற்றரும் முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றருமே கிடைத்தன. தொழிலுக்குச் செல்லவும், நோயாளியை வைத்தியசாலையிற் சேர்க்கவும் இந்த அளவு போதுமா?

இவ்வினாவுக்கு விடை கூற முற்படுவதே சாரதியின் முன்னுள்ள சிறு திரை. அதற்குப் பின்னாலிருந்து கணக்கெழுதுவது பயணக் கணினி. இத்தகைய கருவி 1978ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் கடிலாக் செவில் காரில் இடம்பெற்றது.

அதன் வேலை வரவு செலவுக் கணக்கே. சக்கரத்தோடு பற்கள் வெட்டிய வளையமொன்று சுழல்கிறது. பற்கள் கடந்து செல்லச் செல்ல, அருகிலுள்ள உணரி மின்துடிப்புகளை அனுப்புகிறது. அவற்றை எண்ணினால் சென்ற தூரம் தெரியும். இயந்திரத்துக்குப் பெற்றோலைப் பீச்சும் முனைகள் எவ்வளவு நேரம் திறந்திருந்தன என்பதைச் செக்கனின் ஆயிரத்திலொரு பங்களவிற் கணக்கிட்டால் செலவு தெரியும். தூரத்தைச் செலவால் வகுத்தால், லீற்றருக்கு இத்தனை கிலோமீற்றர் என்னும் சராசரி கிடைக்கும். தாங்கியிலுள்ள மிதவை காட்டும் இருப்பை அச்சராசரியாற் பெருக்கினால், இன்னும் எவ்வளவு தூரம் செல்லலாம் என்பது திரையில் தோன்றும்.

ஆனால், இங்கேதான் சாரதி விழிப்பாயிருத்தல் வேண்டும். காலை வேளையில் காலி வீதி நெரிசலில் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்க வண்டி நின்றால், பெற்றோல் செலவாகும், தூரமோ ஏறாது. லீற்றருக்கு 15 கிலோமீற்றர் ஓடும் வண்டி 10 கிலோமீற்றருக்கு இறங்கினால், 20 லீற்றரில் 300 கிலோமீற்றர் என்ற நம்பிக்கை 200 ஆகக் குறையும். சரிவான இடத்தில் மிதவையும் பிழையான அளவைக் காட்டக்கூடும். காற்றுக் குறைந்த சக்கரமோ பெற்றோலை வீணே குடிக்கும்.

ஆகவே, கணக்கைச் சரிபார்ப்பது நன்று. தாங்கியை நிரப்பித் தூரமானியைப் பூச்சியத்தில் வைத்து, சில நாள் ஓடியபின் மீண்டும் நிரப்புக. ஓடிய தூரத்தை இரண்டாம் முறை நிரப்பிய லீற்றரால் வகுத்துத் திரையின் எண்ணோடு ஒப்பிடுக. வேறுபாடு எவ்வளவென்பது தெரிந்துவிடும்.

கணக்கப்பிள்ளை நடந்ததை எழுதுபவர். அடுத்த சந்தியில் நேரப்போவதை அறியார். திரை 30 கிலோமீற்றர் எனக் காட்டும்போது, 30 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள வைத்தியசாலையை நம்பிப் புறப்படுதல் தகாது. சிறிது மிச்சம் வைத்துப் புறப்படுவதே சாரதியின் கடன்.